ஐம்பது மைக்ரோகிராம் போதுமா? மாசுபட்ட நிலத்தடி நீருக்குத் தூய்மை இலக்கு குறிப்பது பற்றி

இராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைச் சுட்டிக்காட்டி, ஒரு நல்ல கேள்வியை எழுப்பியிருக்கிறீர்கள்: “குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மாசுபட்ட நிலத்தடி நீரை அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாமா? அந்த இலக்கை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?”

கொள்ள முடியாது என்பதே என் பதில். 50 என்பது பெரிய எண் என்பது அதற்குப் பாதிக் காரணம்தான். அந்த எண்ணை எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், எத்தனை காலம் தொடர்ந்து அளந்து காட்ட வேண்டும் என்று ஆணையில் எழுதப்படாதவரை, 50 என்றாலும் 10 என்றாலும் அது தாளில் இருக்கும் எண் மட்டுமே. இதை விளக்க, இதே குரோமியத்தை வைத்து உலகிலேயே அதிகம் வாதாடப்பட்ட இடமான கலிபோர்னியாவின் ஹிங்க்லியைத்தான் முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். இராணிப்பேட்டைக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம் ஊர்க் கூட்டங்களில் வெவ்வேறு வேலைக்கான வரம்புகள் ஒரே பெயரில் புழங்குகின்றன. குடிநீர்த் தரம் என்பது குழாயில் வரும் நீருக்கானது, ஐ.எஸ். 10500 சொல்லும் 50 மைக்ரோகிராம் அந்த வகை, அதுவும் மொத்தக் குரோமியத்துக்கு. கழிவுநீர் வெளியேற்றத் தரம் என்பது ஆலையின் வாயிலில் அளப்பது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரப்படி, நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் (குரோமியம்-6 என்று சொல்லப்படும் நச்சு வடிவம்) 100 மைக்ரோகிராம் வரையும், மொத்தக் குரோமியம் 2,000 மைக்ரோகிராம் வரையும் இருக்கலாம். ஆற்றில் கலந்து நீர்த்துப்போகும் என்ற எதிர்பார்ப்பில் வைத்த எண் அது. நிலத்தடி நீருக்கு அந்த எதிர்பார்ப்பு பொருந்தாது. தூய்மை இலக்கு என்பது, ஏற்கெனவே கெட்டுப்போன நீர்த்தாங்கியை, அதாவது நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் மண், பாறை அடுக்கை, எந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது. இவற்றோடு, மாசு நீரை மேலே இறைத்துச் சுத்திகரித்தால், வெளியே வரும் நீர் எங்கே போகிறது என்பதைப் பொறுத்துச் சுத்திகரிப்புத் தரம் என்று இன்னொன்றும் உண்டு. ஆலைத்தரப்பு ஆலோசகர் ஒருவர் “எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது” என்று சொன்னால், எந்த வரம்பு என்று கேட்பதுதான் முதல் கேள்வி.

இனி ஹிங்க்லி. மொஹாவி பாலைவனத்தில், பார்ஸ்டோ நகருக்கு மேற்கே உள்ள சிற்றூர் அது. பசிபிக் கேஸ் அண்டு எலக்ட்ரிக் நிறுவனம் இயற்கை எரிவாயுக் குழாய்ப்பாதைக்காக அங்கே ஓர் அழுத்த நிலையம் நடத்தியது. அதன் குளிர்விப்புக் கோபுரங்களில் துருப்பிடிக்காமல் இருக்க, 1952 முதல் 1960களின் நடுப்பகுதி வரை குரோமியம்-6 கலந்த நீரைப் பயன்படுத்தி, கழிவை அடித்தளப் பூச்சு இல்லாத குட்டைகளில் விட்டது. ஏறத்தாழ 37 கோடி கேலன், அதாவது 140 கோடி லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிறுவனம் 1987 டிசம்பரில்தான் இதை லஹோன்டன் வட்டார நீர்த்தர வாரியத்துக்குத் தெரிவித்தது. சட்ட அலுவலக உதவியாளர் எரின் பிரோக்கோவிச் திரட்டிய ஆவணங்களோடு நடந்த வழக்கு 1996இல் 33.3 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. பலர் கதையை அங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற கேள்வி அதன் பிறகுதான் சூடுபிடித்தது.

அந்த அளவுக்கு முதல் ஆதாரம் உடல்நலக் கணக்கு. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் குடிநீரில் சோடியம் டைகுரோமேட்டைக் கொடுத்து ஆராய்ந்தபோது, எலிகளின் வாயிலும் சுண்டெலிகளின் சிறுகுடலிலும் புற்றுக் கட்டிகள் தோன்றின. மூச்சில் போனால்தான் குரோமியம்-6 புற்றை உண்டாக்கும், குடித்தால் இரைப்பையே அதைத் தீங்கற்ற குரோமியம்-3 ஆக மாற்றிவிடும் என்ற பழைய வாதம் அதோடு பலவீனமானது. அந்த ஆய்வை வைத்துக் கலிபோர்னியாவின் உடல்நல இடர் மதிப்பீட்டு அலுவலகம் ஓர் இலக்கு எண்ணைக் கணக்கிட்டது. கணக்கு கடினமானதன்று, யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் ஒரு மில்லிகிராம் என்ற வீதத்துக்கு இடர் மடங்கு 0.5 என்று கொள்கிறார்கள். பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு மட்டும் வாழ்நாளில் கூடுதலாகப் புற்று வரலாம் என்பதை ஏற்கத்தக்க இடராக வைத்தால், பத்து லட்சத்தில் ஒன்றை 0.5ஆல் வகுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.000002 மில்லிகிராம் வரும். 70 கிலோ மனிதருக்கு அது 0.00014 மில்லிகிராம். அவர் நாளுக்கு 2 லிட்டர் குடித்தால், ஒரு லிட்டரில் 0.00007 மில்லிகிராம், அதாவது 0.07 மைக்ரோகிராம் இருக்கலாம். அந்த அலுவலகம் 2009இல் வெளியிட்ட வரைவில் இருந்த எண் 0.06. குழந்தைப் பருவத்தில் உடல் இத்தகைய நஞ்சுக்குக் கூடுதலாக ஆட்படும் என்பதையும் சேர்த்த பின், 2011இல் இறுதியாக வெளிவந்த எண் 0.02 மைக்ரோகிராம்.

இந்த 0.02ஐப் பார்த்து, “கலிபோர்னியாவின் வரம்பு நம்முடையதைவிட 2,500 மடங்கு கடுமையானது” என்று எழுதுவோர் உண்டு. அது தவறு. அது வரம்பே அன்று. செலவையும் தொழில்நுட்பத்தையும் கணக்கில் கொள்ளாமல், உடல்நலம் ஒன்றை மட்டும் பார்த்துச் சொன்ன இலக்கு. சட்டப்படி கட்டுப்படுத்தும் வரம்பை வேறோர் அமைப்பு, அந்த இலக்குக்கு இயன்றவரை அருகில், ஆனால் தொழில்நுட்பத்துக்கும் பொருளாதாரத்துக்கும் இயன்ற அளவில் வைக்க வேண்டும். அப்படி 2014 ஜூலையில் 10 மைக்ரோகிராம் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. மேற்கண்ட கணக்கின்படியே பார்த்தால் அது 500 மடங்கு அதிகம். 2,000 பேரில் ஒருவருக்குக் கூடுதல் இடர். உற்பத்தியாளர் சங்கம் ஒன்றும் வரி செலுத்துவோர் சங்கம் ஒன்றும் வழக்குத் தொடுக்க, பொருளாதாரச் சாத்தியத்தை அரசு முறையாக ஆராயவில்லை என்று கூறி 2017 மே மாதம் நீதிமன்றம் அந்த வரம்பைச் செல்லாததாக்கியது. 10 என்பது உடல்நலத்துக்குத் தேவையில்லாத கடுமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சிறு ஊர்களின் குடிநீர் அமைப்புகளால் அந்தச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்குக் காட்டவில்லை என்றுதான் சொன்னது. மாநில நீர்வள வாரியம் கணக்கை மீண்டும் போட்டு, 2024 ஏப்ரலில் அதே 10ஐத் திரும்ப நிறைவேற்றியது. அது அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பெரிய குடிநீர் அமைப்புகளுக்கு 2026 வரையும் மிகச் சிறியவற்றுக்கு 2028 வரையும் கெடு நீட்டப்பட்டிருக்கிறது. இதே காலத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு மொத்தக் குரோமியத்துக்கு 50ஆகவும், அமெரிக்க நடுவண் வரம்பு 100ஆகவும் நிற்கின்றன. ஒரே நஞ்சுக்கு 0.02, 10, 50, 100 என்று நான்கு எண்கள் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு வேறு காலத்தில் கிடைத்த விடை என்பதுதான்.

இவை எல்லாம் குடிநீரைப் பற்றியவை. கெட்டுப்போன நீர்த்தாங்கிக்குக் கலிபோர்னியச் சட்டம் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறது. மாசுபடுத்தியவர், மாசு சேர்வதற்கு முன் இயற்கையில் அந்த நீர் எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்ப வேண்டும் என்பதே அடிப்படை. நல்ல நீரைக் கெடுக்கக் கூடாது என்று 1968இலும், தூய்மைப்பணியின் இலக்கு பின்னணி அளவே, அதாவது இயற்கையில் இருந்த அளவே என்று 1992இலும் மாநில வாரியம் தீர்மானங்கள் இயற்றியிருக்கிறது. பின்னணி அளவை எட்ட முடியாது என்று மாசுபடுத்தியவரே நிறுவினால், நியாயமாக எட்டக்கூடிய மிகச் சிறந்த தரத்தை இலக்காக வைக்கலாம். அப்போதும் அது குடிநீர் வரம்பைத் தாண்டக் கூடாது. அதாவது குடிநீர் வரம்பு இங்கே சலுகையின் எல்லைக்கோடு மட்டுமே. நீங்கள் கேட்ட “50க்குக் கொண்டுவந்தால் போதாதா” என்பதற்கு இந்த அணுகுமுறை தரும் பதில் தெளிவானது: உங்கள் கிணற்றில் 2 மைக்ரோகிராம் இருந்ததென்றால், அதை 49க்கு உயர்த்திவிட்டு “குடிக்கலாம்” என்று சொல்லும் உரிமை எந்த ஆலைக்கும் இல்லை.

ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது என்று எப்படித் தெரியும்? ஹிங்க்லியின் முப்பதாண்டுச் சண்டையில் பெரும்பகுதி இதைப் பற்றியதே. குரோமியம் பாறைகளில் இயற்கையாகவே உண்டு. பாலைவன நீர்த்தாங்கிகளில் ஆக்ஸிஜன் நிறைந்த, சற்றே காரத்தன்மை கொண்ட நீரில் அது குரோமியம்-6 ஆகக் கரைந்து வரும். நிறுவனம் நடத்திய ஆய்வை ஏற்று, 2008இல் வட்டார வாரியம் பின்னணி அளவின் உச்சம் 3.1 மைக்ரோகிராம் என்றும் சராசரி 1.2 என்றும் வைத்துக்கொண்டது. சராசரிக்கும் உச்சத்துக்கும் இடையே இரண்டரை மடங்கு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். 3.1ஐத் தாண்டினால்தான் மாசு என்று வைத்தால், இயற்கையில் 1 இருந்த கிணற்றில் ஆலையின் மாசு 2 சேர்ந்தாலும் அது கணக்கில் வராது. சராசரியை வைத்தால், இயற்கையிலேயே 2.5 உள்ள கிணற்றுக்கும் ஆலை பொறுப்பேற்க வேண்டிவரும். இதற்குப் புள்ளியியல் வழி சொல்லும். நியாயம் எது என்று சொல்லாது. தவிர, பின்னணிக்கென்று தேர்ந்த கிணறுகள் சிலவற்றை மாசு ஏற்கெனவே எட்டியிருந்தால் எண்ணே உயர்ந்துவிடும். 2011இல் வெளி வல்லுநர்கள் அந்த ஆய்வின் முறையைக் குறை கூறினார்கள். அதனால் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் புதிதாக ஆராய்ந்தது. மண்ணின் கனிமங்கள், நீரின் வயது, குரோமியத்தின் ஐசோடோப்புகள் என்று பல சான்றுகளைச் சேர்த்துப் பார்த்து, 2023இல் அறிக்கையை வெளியிட்டது. பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஓர் எண் என்பதை விட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பின்னணி அளவைக் குறித்தது. மொஹாவி ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலில் குரோமியம் குறைவு, பிற படிவுகளில் கூடுதல் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. செலவும் காலமும் மிகுந்த வேலைதான். ஆனால் தூய்மை இலக்கின் பெயரால் பல கோடி செலவழியும் இடத்தில் முதலில் செலவழிக்க வேண்டியது இதில்தான் என்பது என் கருத்து.

எண் மாறினால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதற்கும் ஹிங்க்லியே சாட்சி. வீட்டுக் கிணற்றில் பின்னணி அளவுக்கு மேல் குரோமியம் இருந்தவர்களுக்கு மாற்று நீர் தர வேண்டும் என்ற ஆணைப்படி, நிறுவனம் புட்டி நீரும் வீடு முழுதுக்குமான சுத்திகரிப்பு அமைப்புகளும் வழங்கிவந்தது. அப்போது குரோமியம்-6க்கென்று தனி வரம்பு ஏதும் இல்லை. 2014இல் 10 என்ற வரம்பு வந்ததும், பெரும்பாலான வீட்டுக் கிணறுகள் அதற்குக் கீழே இருந்ததால், அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. மக்களைக் காக்கவென்று வகுத்த கடுமையான வரம்பே, 4 அல்லது 5 மைக்ரோகிராம் உள்ள கிணற்றுக்காரரின் வாசலிலிருந்து புட்டி நீரை எடுத்துக்கொண்டு போனது. அதற்கு முன்பே பலர் வீட்டை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியிருந்தார்கள்; ஊர்ப் பள்ளி 2013இல் மூடப்பட்டது. வரம்பு ஒன்றைக் கேட்டுப் போராடும்போது, அது யாருக்கு உரிமையைத் தரும், யாரிடமிருந்து எடுக்கும் என்று இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்பது நல்லது.

சுத்திகரிப்புத் தரம் பற்றியும் கேட்க வேண்டியது நிறைய. ஹிங்க்லியில் இரண்டு முறைகள் பெரிதாகக் கையாளப்பட்டன. ஒன்று, நிலத்தடியிலேயே எத்தனாலைச் செலுத்துவது. அதை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுவதால், கரையும் குரோமியம்-6 கரையாத குரோமியம்-3 ஆக மாறி மணலோடு படிந்துவிடும். மாசு நன்றாகக் குறைந்தது. ஆனால் ஆக்ஸிஜன் தீர்ந்த அதே நிலையில், மண்ணில் கட்டுண்டிருந்த மாங்கனீசும் இரும்பும் ஆர்சனிக்கும் கரைந்து வெளிவரும். மற்றொன்று, மாசு நீரை இறைத்துக் குதிரைமசால் போன்ற தீவனப் பயிர்களுக்குப் பாய்ச்சுவது. வேர்மண்ணின் கரிமப்பொருள் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பயிர் நீரை உறிஞ்சி ஆவியாக்கிவிட, உப்புகளும் நைட்ரேட்டும் செறிந்து கீழே இறங்கும். யுரேனியம் கூடுகிறதா என்றும் கண்காணிக்க நேர்ந்தது. ஆகவே தூய்மை ஆணையில் குரோமியத்துக்கு மட்டும் எண் எழுதினால் போதாது. மருந்தின் பக்கவிளைவுகளுக்கும் எண் எழுத வேண்டும், அவை எல்லை தாண்டினால் பணியை நிறுத்தும் நிபந்தனையும் வேண்டும். நம் நாட்டில் நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான்.

இறைத்துச் சுத்திகரிக்கும் முறைக்கு வேறொரு தொல்லை. அயனிப் பரிமாற்றப் பிசினோ, இரும்பு உப்பைச் சேர்த்துப் படியவைத்து வடிகட்டும் முறையோ, நிலையத்தின் வெளிக்குழாயில் 5 மைக்ரோகிராமுக்கும் கீழே கொண்டுவர முடியும். ஆனால் வெளிக்குழாய் தூய்மையாக இருப்பதற்கும் நீர்த்தாங்கி தூய்மையாவதற்கும் தொடர்பு குறைவு. களிமண் இடுக்குகளிலும் பாறைப் பிளவுகளின் ஓரங்களிலும் பல்லாண்டுகளாக ஊறிய மாசு, இறைப்பு தொடங்கியதும் சட்டென்று வெளிவராது. முதல் சில ஆண்டுகளில் அளவு வேகமாகக் குறையும். பிறகு கோடு படுத்துவிடும். அந்தப் படுத்த கோட்டைப் பார்த்து மோட்டாரை நிறுத்தினால், சில மாதங்களில் அளவு மீண்டும் ஏறும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல், இறைத்துச் சுத்திகரிக்கும் முறை நடந்த 77 இடங்களை ஆராய்ந்தபோது, 69இல் இலக்கு எட்டப்பட்டிருக்கவில்லை. அதற்காக இலக்கையே தளர்த்த வேண்டியதில்லை. கெடுவைப் படிப்படியாக வைக்கலாம். ஹிங்க்லிக்கு 2015இல் பிறந்த ஆணை அப்படித்தான் செய்தது: 50க்கு மேல் உள்ள பகுதியைப் பெரும்பாலும் 2025 இறுதிக்குள்ளும், 10க்கு மேல் உள்ள பகுதியில் பெரும்பங்கை 2032 இறுதிக்குள்ளும் சரிசெய்ய வேண்டும், அதற்கு அப்பால் பின்னணி அளவு.

அளப்பதில் உள்ள நுணுக்கங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தகராறுகள் இங்கேதான் தொலைந்துபோகின்றன. குரோமியம்-6க்கு எடுத்த மாதிரியை எடுத்த இடத்திலேயே வடிகட்டி, காரக் கரைசல் சேர்த்து, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும். பழக்கத்தில் மற்ற உலோகங்களுக்குச் செய்வதுபோல் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்துவிட்டால், குரோமியம்-6 குரோமியம்-3 ஆக மாறிவிடலாம். மொத்தக் குரோமியம் சரியாக வரும், குரோமியம்-6 இல்லை என்று அறிக்கை வரும். அடுத்து, அறிக்கையில் “பி.டி.எல்.” என்று மூன்றெழுத்து இருந்தால், கண்டறியும் வரம்புக்குக் கீழே என்று பொருள். அந்த ஆய்வகத்தின் கண்டறியும் வரம்பு எவ்வளவு என்பது அதே தாளில் இருக்க வேண்டும். அது 50 என்றால் 45 மைக்ரோகிராம் உள்ள நீரும் “இல்லை” என்றுதான் வரும். கலிபோர்னியா 2024இல் தன் அறிக்கை வரம்பை 1 மைக்ரோகிராமிலிருந்து 0.1க்கு இறக்கியது இதனால்தான். கண்ணை நம்பவும் வழியில்லை. குரோமியம்-6 நீருக்கு மஞ்சள் நிறம் தருவது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும்போதுதான். தெளிந்த நீரில் அதன் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் குடிநீர் வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

இப்போது இராணிப்பேட்டை. தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய உப்புகள் செய்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் நின்றுபோனது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான கழிவு அங்கேயே குவிந்தது. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டு வேலூர் வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீட்டோடு சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. எந்த அளவுக்கு மீட்க வேண்டும் என்ற எண் மட்டும் நெடுங்காலம் சட்டத்தில் இல்லை. 2025 ஜூலையில் நடுவண் அரசு மாசுபட்ட இடங்களை மேலாள்வதற்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடத்தை முதல்நிலையில் ஆராய 90 நாள், விரிவாக ஆராய மேலும் 90 நாள் என்று கெடு இருக்கிறது. ஆனால் மாசு உறுதியான பின் தூய்மைப்பணி எப்போது முடிய வேண்டும் என்பதற்குக் கெடு இல்லை. முன்பு சொன்னதுபோல, காலம் குறிக்காத இலக்கு பாதி இலக்குதான்.

அங்கே நிலவியலும் மொஹாவி போன்றதன்று. மேலே சிதைந்த பாறை மண், கீழே பிளவுகள் ஓடும் கடினப் பாறை. சில நூறு அடி ஆழமுள்ள போர்வெல் ஒன்று மூன்று நான்கு பிளவுகளிலிருந்து நீரை ஒருசேர இழுக்கும். அவற்றில் ஒன்றில் மட்டும் 200 மைக்ரோகிராம் இருந்து மற்றவை தூய்மையாக இருந்தால், மோட்டாரில் வரும் கலவையில் 50க்குக் கீழே காட்டும். மேல்மண்ணில் உள்ள திறந்த கிணறு வேறு கதை சொல்லும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் கழிவுமேட்டிலிருந்து கசிவு கூடும், கிணற்று நீரோ நீர்த்துப்போகும். எது வெல்லும் என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும். ஆகவே விவசாயியின் போர்வெல்லில் சனவரியில் எடுத்த ஒரு புட்டி நீரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆழம் பிரித்துப் போட்ட கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். அவை கழிவுமேட்டிலிருந்து நிலத்தடி நீர் ஓடும் திசையிலும் பக்கவாட்டிலும் இருக்க வேண்டும். பின்னணிக்கான கிணறுகள் அந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், வேறு தோல் ஆலைகளின் பாதிப்பும் படாத இடத்தில், அதே வகைப் பாறையில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் அப்படி ஓர் இடம் கிடைப்பதே எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். மக்களும் கால்நடைகளும் இப்போது பயன்படுத்தும் கிணறுகளுக்கு, 50ஐ உடனடி நடவடிக்கை அளவாக வைக்கலாம். அதைத் தாண்டிய கிணற்றுக்காரருக்கு மாசுபடுத்தியவர் செலவில் அல்லது அரசுச் செலவில் மாற்று நீர் உடனே போக வேண்டும். ஆனால் 50க்குக் கீழே வந்ததும் அந்த நீரை நிறுத்த ஆணையில் இடம் தரக் கூடாது. 10ஐ இடைக்கால இலக்காகவும், பகுதி பிரித்துக் கணக்கிட்ட பின்னணி அளவை இறுதி இலக்காகவும் வைக்க வேண்டும். பின்னணியை எட்ட முடியாது என்ற வாதத்தை, பல ஆண்டுகள் பணி நடந்து தரவு கையில் வந்த பிறகு மாசுபடுத்தியவர் வைக்கட்டும், முதல் நாளே வைக்க வேண்டாம். இலக்கை எட்டியதாகச் சொல்வது எல்லாக் கிணறுகளின் சராசரியை வைத்து இருக்கக் கூடாது; ஒவ்வொரு கண்காணிப்புக் கிணற்றிலும், இறைப்பை நிறுத்திய பிறகும், குறைந்தது மூன்று பருவமழைகளைத் தாண்டி அளவு ஏறாமல் நிற்க வேண்டும். மூன்று என்பது என் கணிப்பு. நீர் மெதுவாக நகரும் இடத்தில் ஐந்துகூடக் குறைவாக இருக்கலாம்.

கழிவுமேட்டை அகற்றுவதற்கோ, அடியும் மேலும் அடைத்துக் கசிவை நிறுத்துவதற்கோ முன்னால் நீர்த்தாங்கியில் செய்யும் எந்தச் சுத்திகரிப்பும், ஓட்டைப் பானையில் நீர் மொள்ளும் வேலைதான். அதனால் பொது விசாரணையில் வரைவுத் திட்டம் உங்கள் கைக்கு வந்தால், குரோமியத்துக்கு என்ன எண் எழுதியிருக்கிறார்கள் என்று தேடுவதற்கு முன், மேடு எந்தத் தேதிக்குள் அடைக்கப்படும் என்ற வரியைத் தேடுங்கள். பிறகு கண்காணிப்புக் கிணறுகளின் வரைபடத்தையும், ஒவ்வொன்றும் எந்த ஆழத்திலிருந்து நீர் எடுக்கிறது என்ற அட்டவணையையும், ஆய்வகத்தின் கண்டறியும் வரம்பையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த நான்கும் இல்லாத திட்டத்தில் 50 என்று இருந்தாலும் 10 என்று இருந்தாலும், எதிர்ப்பைப் பதிவு செய்வதே சரி.